துணி பறந்த திசை

எண்ணூர்
3 பிப்ரவரி 2025

உமைமாவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பன்னிரண்டு நாளாக உனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படிக்கிற மகிமாதான் பார்த்துச் சொன்னாள். அதனால் தபாலில் வருகிறேன். இதையும் தடுக்க வேண்டுமென்றால் நீ தபால்காரரோடு சண்டை போட வேண்டியிருக்கும்.

வீட்டைக் காலி செய்ததைக்கூட நீ சொல்லவில்லை. திருவொற்றியூருக்கு வந்து பார்த்தேன். பூட்டு. கீழ்வீட்டு குப்பம்மா அக்கா, "அவங்கம்மாவுக்கு மூச்சு இழுத்துகினே கீதுன்னு கல்மண்டபத்துல அக்காக்காரி ஜெரினா வூட்டாண்ட போய்ட்டாங்க. உங்கையில சொல்லலியா? ரெண்டு பேரும் ஒரே தட்டுல துன்றவங்களாச்சே" என்றாள். போன் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி விலாசம் வாங்கினேன்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். அரசாங்கம் புதிதாக அமைத்திருக்கும் சுற்றுச்சூழல் நீதி ஆலோசனைக் குழுவில் பதினொரு பேர். அதில் ஆலைகளுக்கு நடுவில் குடியிருக்கிறவர்களுக்கு என்று ஒரே ஓர் இடம். அது எனக்குக் கிடைத்துவிட்டது. நான் கேட்டு வாங்கவில்லை. சமூகக் கூடத்துக்கு வந்த அதிகாரி, "இரண்டு வருஷமாக நாற்றத்தைக் குறித்து வைத்திருக்கிறீர்களாமே, யார் அது?" என்று கேட்டபோது நீ கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். நான் எழுந்தேன். யாராவது எழுந்திருக்கத்தானே வேண்டும்.

முதல் கூட்டம் மார்ச் 12. நம் குறிப்பேடுகளை அன்று வைக்கப்போகிறேன். விடியற்காலையில் ஆலை வாயுவைத் திறந்துவிடுகிறது என்பது அவற்றிலிருந்து தெரிந்துவிட்டால், அதை நிறுத்தச் சொல்லிக் குழு பரிந்துரைக்கலாம். இத்தனை நாள் நாம் எழுதியது இதற்குத்தான்.

அம்மாவுக்கு எப்படி இருக்கிறது?

கரோலின்

---

கல்மண்டபம்
11 பிப்ரவரி 2025

கரோலினுக்கு,

அம்மா பரவாயில்லை. இங்கே லாரிப் புகையும் மீன் வாசமும்தான். அவற்றை அவர் நாற்றம் என்றே சொல்வதில்லை. நெபுலைசர் இப்போது நாளுக்கு ஒரு முறை போதும்.

நான் கோபமாக இல்லை. உனக்கு இடம் கிடைத்த செய்தியை எனக்குக் காட்டியது ஜெரினா அக்காதான். போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "இந்தப் பொண்ணு நம்ம வூட்ல பிரியாணி துன்னுட்டு, எலும்ப பூனைக்கு போட்டுகினு இருந்துதே, அதானே? நீ எங்கடீ இதுல?" என்றாள். நான் அதில் இல்லை என்பதைப் பெரிதாக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். படத்துக்குக் கீழே, 'இரண்டு ஆண்டுகளாக நாற்றக் குறிப்பேடு எழுதிவரும் கரோலின்' என்றிருந்தது.

எழுதிவரும் என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. குறிப்புகள் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. உன் கையெழுத்தில் நூற்று நாற்பது, என் கையெழுத்தில் இருநூற்று எழுபத்திரண்டு. இதை எண்ணிப் பார்க்கிற அளவுக்கு இறங்கிவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் எண்ணினேன்; இரண்டு ஏட்டிலும் கடைசி வரிசை எண் நினைவில் இருந்தது. தெருவில் யாருக்கு நாற்றம் வந்தாலும் எனக்குத்தான் போன் செய்வார்கள். விடியற்காலை சுபுஹ் தொழுகைக்கு எழுகிறவள்தானே, விழித்திருப்பேன் என்று தெரியும். மாடிக்கு ஓடி, மணி, என்ன மாதிரி நாற்றம், காற்றின் திசை எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் முகம் கழுவுவேன்.

அன்றைக்குக் கூடத்தில் நான் தலை குனிந்திருந்தது பயத்தால் அல்ல. நீ என் பெயரைச் சொல்லப்போகிறாய், எல்லோரும் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள் என்ற கூச்சத்தில். நீ ஏழு நிமிடம் பேசினாய். நான் ஏழு நிமிடமும் குனிந்திருந்தேன்.

படத்தில் நீ கட்டியிருந்த நீலப் புடவையை எம்.சி. ரோட்டில் நாம் சேர்ந்துதான் வாங்கினோம். நான் எனக்கென்று எடுத்து, உனக்குத்தான் எடுப்பாக இருக்கும் என்று உன் கையில் கொடுத்தேன். எடுப்பாகத்தான் இருக்கிறது.

குறிப்பேடுகள் இரண்டும் டிசம்பரிலிருந்து உன்னிடம்தான் உள்ளன. என்னிடம் கேட்க எதுவும் இல்லை.

உமைமா

---

எண்ணூர்
19 பிப்ரவரி 2025

உமைமா,

உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மைக்கைக் கையில் கொடுத்ததும் 'நாங்கள்', 'நாங்கள்' என்றே பேசிக்கொண்டு போனேன். அந்த 'நாங்கள்'-இல் நீ இருப்பதாக எனக்குள் ஒரு நினைப்பு. அது உனக்குக் கேட்டிருக்காது என்று இப்போது புரிகிறது.

நீ எண்ணியதைப் படித்ததும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "கரோலின் கத்தும், உமைமா எழுதும்." இப்படித்தான் நம் பகுதிப் பெண்கள் நம்மைப் பற்றிச் சொல்கிறார்கள், தெரியுமா? என் நைனா படகோட்டுகிறவர். நாலாம் வகுப்புகூடத் தாண்டாதவர். அவரே, "கத்தறது காத்தோட பூடும்மா. எய்தறதுதான் நிக்கும். அந்தப் பாய் வூட்டுப் பொண்ணு கில்லாடி" என்பார். என் எதிரில்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்காது. உன்னிடம் சொன்னதில்லை.

இத்துடன் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன். மகிமா இரண்டு குறிப்பேடுகளையும் நகல் எடுத்து, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கணினியில் ஏற்றியிருக்கிறாள். பதினேழு பக்கம். குழுவுக்குப் போகப்போவது இதுதான். நீ ஒருமுறை பார்த்துவிடு. கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீசில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதானே உன் வேலை. எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. நீ பார்த்துவிட்டாய் என்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

கரோலின்

---

கல்மண்டபம்
27 பிப்ரவரி 2025

கரோலினுக்கு,

அட்டவணையைப் பார்த்தேன். தேதியும் மணியும் சொற்களும் குறிப்பேட்டில் உள்ளபடியே இருக்கின்றன. எழுத்துப் பிழை என்று எதுவும் இல்லை. மகிமா கவனமான பெண்.

இரண்டொரு நாளில் நோன்பு தொடங்குகிறது. அதற்குமுன் வீட்டை ஒழுங்கு செய்ய வேண்டும். அதனால் இவ்வளவே.

உமைமா

---

எண்ணூர்
14 மார்ச் 2025

உமைமா,

கூட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. இன்னும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது.

சேப்பாக்கத்தில் பெரிய அறை. என் பெயர் எழுதிய பலகை, எனக்கென்று ஒரு மைக். உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினேன். அது உனக்குத் தெரியட்டும். எல்லோரும் கேட்டார்கள், தலையாட்டினார்கள். பிறகு ஆலைகளின் சார்பில் உறுப்பினராக இருக்கும் பெரியவர் ஒருவர் பேசினார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர், ரொம்ப மரியாதையானவர். "அம்மா, உங்கள் அட்டவணையையே வைத்துப் பேசுவோம். நானூற்றுப் பன்னிரண்டில் இருநூற்று அறுபத்தொரு முறை காற்று கிழக்கிலிருந்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆலை உங்களுக்கு மேற்கே இருக்கிறது. கிழக்கே என்ன இருக்கிறது?"

கடல் என்றேன்.

"வீடுகளுக்கும் கடலுக்கும் நடுவில்?"

அவரே சொன்னார். "கருவாடு காயப்போடும் மணல். அங்கிருந்து நாற்றம் வருமா, வராதா?"

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை, ஆனால் எழுதிக்கொண்டார். கருவாட்டு மணலைச் சோதித்து, வேண்டுமானால் குடியிருப்பை விட்டுத் தள்ளி வேறிடம் மாற்றலாம் என்று ஒரு வரைவு போட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 23 கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அந்த மணலை நம்பி நாற்பது பெண்கள் இருக்கிறார்கள். என் சித்தி ரோசி அவர்களில் ஒருத்தி. நேற்று வாசலில் நின்றுகொண்டு, "ஆலைக்காரன் மேல கேஸ் குடுக்கப் போறேன்னு போனே. எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டு வந்துகிறியேடி மெம்பரம்மா" என்றாள். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, உமைமா. முட்டை அழுகின நாற்றம் மேற்கிலிருந்துதான் வருகிறது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியிருக்க நம் குறிப்பேடு ஏன் கிழக்கு என்கிறது?

கரோலின்

---

கல்மண்டபம்
20 மார்ச் 2025

கரோலினுக்கு,

இதை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் யோசித்தேன். நேராகவே எழுதிவிடுகிறேன். ஏன் கிழக்கு என்று எனக்குத் தெரியும். நீ கேட்பதற்கு முன்பே தெரியும். அட்டவணை கையில் வந்த அன்றே, இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

நீ கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பெண். காற்று என்றால் அது எங்கிருந்து வருகிறது என்றுதான் பார்ப்பாய். நைனா மேற்குக் காற்று என்றால் மேற்கிலிருந்து வருகிற காற்று. உன் நூற்று நாற்பது குறிப்புகளும் அப்படி எழுதியவை. எனக்குக் கடல் தெரியாது. மாடியில் துணி காயும் கொடி இருந்தது. துணி எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தத் திசையை எழுதினேன். மேற்கிலிருந்து காற்று வந்தால் துணி கிழக்கே பறக்கும். நான் கிழக்கு என்று எழுதுவேன். நாம் இருவரும் ஒரே காற்றைத்தான் எழுதினோம். நீ அது வந்த பக்கத்தை எழுதினாய், நான் அது போன பக்கத்தை.

என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இதை எழுதி வைத்திருக்கிறேன். 'திசை: கொடியில் துணி பறக்கும் திசை.' மகிமா தேதி தொடங்கும் பக்கத்திலிருந்துதான் நகல் எடுத்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் குறிப்பேடு இரண்டு வருடமாக உன் வீட்டுக்கும் என் வீட்டுக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. நீ ஒருநாள்கூட அதைத் திறந்து படித்ததில்லை, கரோலின். படித்திருந்தால் முதல் வரியே சொல்லியிருக்கும். அட்டவணையைப் பார்த்தபோது முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, இந்த வருத்தம்தான். நான் எழுதியதைப் படிக்காதவள் நான் எழுதியதைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போகிறாள் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வந்ததையும் எழுத வேண்டும். போகட்டும் என்று நினைத்தேன். தடுமாறட்டும், எல்லார் முன்னாலும் திரும்பி என்னைத் தேடட்டும் என்று நினைத்தேன். கருவாட்டு மணல் அப்போது என் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. 'எழுத்துப் பிழை எதுவும் இல்லை' என்ற வாக்கியத்தை நான் நான்கு முறை திருத்தி எழுதினேன். பொய்யாகவும் இருக்கக் கூடாது, உண்மையைச் சொல்லவும் கூடாது. அவ்வளவு கவனமாக நான் வேறு எதையும் எழுதியதில்லை.

நோன்பு வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்காமல் இருப்பது எளிதாகத்தான் இருக்கிறது.

உமைமா

---

எண்ணூர்
2 ஏப்ரல் 2025

உமைமா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பெருநாள் முடியட்டும் என்று காத்திருந்தேன். உன் பெருநாளைக் கெடுத்தேன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

முதல் தடவை படித்தபோது கிழிக்கப் போனேன். நைனா பிடுங்கி வைத்துக்கொண்டார். அவருக்குப் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறாய் என்று சொன்னேன். வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டே, "துணிய பாத்து எய்திச்சா. அதுவும் கரீட்டுதான். ஆனா தெரிஞ்சிகினே கம்முனு இருந்துச்சு பாரு, அது தப்பு" என்றார். அன்றிலிருந்து அவர் உன்னைக் கில்லாடி என்று சொல்லவே இல்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம். பாவி, இப்போதும் எனக்கு அதில் சந்தோஷம்.

நான் படிக்கவில்லை என்கிறாயே, உண்மைதான். ஏன் என்று சொல்லட்டுமா? திறந்தால் உன் கையெழுத்து. கோடு போட்ட மாதிரி. நாற்றத்துக்குக்கூட நீ ஒரு வார்த்தை கண்டுபிடித்து வைத்திருப்பாய். 'ஈரக் கம்பளியை இஸ்திரி போட்ட மாதிரி' என்று ஒன்றைப் பார்த்தேன், மூடிவிட்டேன். அதே நாற்றத்துக்கு நான் 'கலீஜ்' என்று எழுதியிருந்தேன். அன்றையிலிருந்து உன் குறிப்பேட்டைத் திறப்பதில்லை. பையில் வைத்துச் சுமப்பேன், அவ்வளவுதான்.

சரி. இப்போது மணல். நாற்பது பேர். ரோசி சித்தி என்னோடு பேசுவதில்லை, ஜெபக்கூட்டத்தில் தள்ளி உட்காருகிறாள். குழு அலுவலகத்துக்குப் போய் உன் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன். அங்கிருந்த அம்மா நல்லவர்தான். "நேற்று எழுதிச் சேர்த்தது என்று சொல்லிவிடுவார்களே. எழுதினவரே நேரில் வந்து சொன்னால்தான் ஏற்றுக்கொள்வார்கள்" என்றார்.

நீ வர வேண்டும். 23ஆம் தேதி, காலை பத்தரை. நான் கெஞ்சவில்லை. நீ வராமல் போனாலும் உன் கடிதத்தை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். அதை வைத்து உன்னை மிரட்டி அழைத்துவந்தேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நாற்பது பேருக்காக வா.

கரோலின்

---

கல்மண்டபம்
9 ஏப்ரல் 2025

கரோலினுக்கு,

வருகிறேன்.

பத்துப் பேருக்கு எதிரில் நான் இதுவரை பேசியதில்லை. ஆபீசில் தேநீர் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை ஆட்டுகிறவள். அம்மாவிடம் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் பெருமை இருந்தது. அதைத் தாங்க முடியாமல் பிப்ரவரியில் நடந்ததையும் சொன்னேன். அம்மா நெபுலைசர் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "அவ நம்ம வூட்டுப் பாயில படுத்து எந்திரிச்ச பொண்ணும்மா" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஒரு நிபந்தனை. குழுவின் முன் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். துணியை மட்டும் அல்ல, தெரிந்தும் சொல்லாமல் இருந்ததையும். அட்டவணையை வைப்பதற்கு முன் ஏன் சரிபார்க்கவில்லை என்று உன்னைக் கேட்பார்கள். நீ சரிபார்க்கத்தான் கொடுத்தாய். யாரிடம் கொடுத்தாய் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். என்னைத் தடுக்காதே.

இன்னொன்றும். உன் 'கலீஜ்' என்ற குறிப்பு எனக்கு நினைவிருக்கிறது. 2023 ஆகஸ்ட். உன் குறிப்பேட்டை நான் முழுவதும் படித்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லைப் படித்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டேன். என்னுடைய கம்பளி வாக்கியத்தைப் படித்து யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். ஒரே சொல்லில் உனக்கு எப்படி வந்துவிடுகிறது என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு எரிந்தது.

உமைமா

---

எண்ணூர்
26 ஏப்ரல் 2025

உமைமா,

அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தும் நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ ராயபுரத்தில் இறங்கிப் போனாய். பேச வேண்டியதை எழுதுகிறேன். இந்தப் பழக்கம் உன்னால் வந்தது.

முதலில் நல்ல செய்தி. இன்று கடிதம் வந்தது. கருவாட்டு மணல் பற்றிய வரைவைக் கைவிட்டுவிட்டார்கள். ஆலைக்கும் வீடுகளுக்கும் நடுவில் காற்றை அளக்கும் கருவி ஒன்றை மூன்று மாதம் வைத்துப் பார்க்கப் பரிந்துரை போகிறது. ஆலையை நிறுத்தச் சொல்லவில்லை. கருவி வைக்கிற வரைக்கும் வந்திருக்கிறோம். ரோசி சித்தி காலையில் ஒரு பொட்டலம் நெத்திலி கொண்டுவந்து வைத்தாள். "உனுக்கு இல்ல. அந்தப் பாய் வூட்டுப் பொண்ணுக்கு" என்றாள். என் வீட்டில்தான் வைத்துவிட்டுப் போனாள் என்பதால் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு உன் குரல் முதலில் வெளியே வரவே இல்லை. அந்தப் பொறியாளர், "கொஞ்சம் சத்தமாக அம்மா" என்றார். நான் உன் மைக்கை அழுத்திவிட எழுந்தேன். அதற்குள் நீ நாற்காலியை விட்டு எழுந்து, நேராக ஜன்னலுக்குப் போய்த் திறந்து, கைக்குட்டையின் ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டாய். அது உள்பக்கமாகப் பறந்தது. "காற்று வெளியிலிருந்து வருகிறது. துணி உள்ளே பறக்கிறது. என் வீட்டில் நான் துணியைப் பார்த்து எழுதினேன்" என்றாய். அவ்வளவுதான். சமூகக் கூடத்தில் நான் ஏழு நிமிடம் பேசினேன். நீ மூன்று வாக்கியம். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இது போதும்" என்றார்.

அத்தோடு நீ உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "இந்தத் தவறு பிப்ரவரியிலேயே எனக்குத் தெரியும். இவள் என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தாள். பொறாமையால் சொல்லாமல் இருந்தேன்" என்றாய். தலைவர், எழுதிக்கொண்டிருந்தவரிடம் "இது வேண்டாம்" என்று கையைக் காட்டினார். நீ, "எழுதுங்கள் சார்" என்றாய். அவர் எழுதினார். சர்க்கார் காகிதத்தில் பொறாமை என்ற வார்த்தை ஏறியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இனி நான் சொல்ல வேண்டியது. தலைவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவரை ஏன் உறுப்பினராகப் பரிந்துரைக்கவில்லை?" என்று கேட்டார். ஒரு பேச்சுக்குக் கேட்டாரோ என்னவோ. 'நான் விலகிக்கொள்கிறேன், இவளைப் போடுங்கள்' என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாக்கியம் முழுசாக வாயில் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். என் கை என்னைக் கேட்காமலே மேசைமேல் இருந்த பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டது. நீ அதைப் பார்த்தாய். பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

பார்த்துவிட்டு, "எனக்கு எழுதத்தான் வரும் சார். இந்த இடத்துக்கு இவள்தான் சரி" என்றாய்.

மூன்று நாளாக அதே நினைப்பாக இருக்கிறது. இடத்தை நான் உனக்கு விட்டுத்தரப் போவதில்லை. ஜூலைக் கூட்டத்துக்கு உறுப்பினரோடு இன்னொருவர் வரலாமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். சரி என்றால் நீ வர வேண்டும், குறிப்பேட்டோடு. உறுப்பினர் நான்தான்.

ஆனால் நீ அதைச் சொன்னது எதனால் என்று எனக்குத் தெரிய வேண்டும். அந்த நாற்காலியில் உட்காரப் பயந்து சொன்னாயா, இல்லை என் கையைப் பார்த்து, பாவம் இவள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தாயா? விட்டுக்கொடுத்தாய் என்றால் என்னால் அதில் உட்கார முடியாது. பயந்தாய் என்றால் முடியும்.

பயம் என்று எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

கரோலின்